இடக்கைக்கு ஒரு வளைகத்தி

பாரிசவாதம் வந்த காலையில் நான் பலாக்கட்டையில் ஒரு கரண்டி குடைந்துகொண்டிருந்தேன். குழி பாதி ஆகியிருந்தது. வளைகத்தியை உள்ளே வைத்து இழுத்தேன், சுருள் வரவில்லை. கூர் போய்விட்டது என்று நினைத்தேன். தீட்டுகிற கோலை எடுக்கக் கையை நீட்டினேன். கை போகவில்லை. கத்தி எப்போது மடியில் விழுந்தது என்பதும் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி கொண்டு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, வாய் ஏன் இப்பிடிக் கோணி இரிக்கு?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னதாகத்தான் எனக்குள்ளே கேட்டது. அவளுக்குக் கேட்டது வேறு ஏதோ. அடுத்த வளவு வீட்டில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் ஓடியது நினைவிருக்கிறது. ஓட்டோவில் ஏற்றியதும் ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய காற்றாடியும் துண்டுதுண்டாக இருக்கின்றன.

பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது. காலும் வந்தது, ஒரு தடியின் உதவியோடு. வலது கை மட்டும் வரவில்லை. தோளைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம். விரல்கள் எதையும் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பிள்ளை ஒரு பந்தைத் தந்து பிசையச் சொன்னாள். பந்து உள்ளங்கையில் சும்மா இருந்துவிட்டு உருண்டு போகும்.

இளம் வயதில் நான் கதவுகளுக்கும் கட்டில் தலைமாடுகளுக்கும் பூ வெட்டுகிற பட்டறையில் வேலை செய்தேன். பிறகு தனியாக வந்து கரண்டி, அகப்பை, சிறு கிண்ணம் என்று குடையத் தொடங்கினேன். அறுகம்பேயில் கடலாட வருகிற வெள்ளைக்காரருக்கு அவற்றை விற்கிற ஒரு கடைக்காரர் மாதம் ஒருமுறை வந்து எடுத்துப் போவார். வேலை நடப்பது எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில். வீடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவியுடையது. அவள் முன்னறையில் தையல் மெசினில் அபாயா தைப்பாள், நான் பின்னால் மரம் குடைவேன். நடுவில் சமையல் நடக்கும் குசினி. இருபது வருடத்துக்கு மேல் அவள் சத்தம் எனக்கும் என் சத்தம் அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அவள் வேலையின் உள்விவரம் எனக்குத் தெரியாது. என்னுடையதும் அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பல மாதம் நான் பின்விறாந்தைப் பக்கம் போகவில்லை. போனால் என்ன செய்வது? ஒரு நாள் முற்பகல், மழை விட்டிருந்த நேரம், போய்க் கத்திகள் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தேன். கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. எண்ணெய்த் துணி சுற்றாமல் கிடந்ததால் எல்லாவற்றிலும் செந்துரு பூத்திருந்தது. வளைகத்தியை எடுத்து இடது கையில் பிடித்தேன்.

வளைகத்தி என்பது நுனியில் பிறை போல் வளைந்த சிறு கத்தி. அந்த வளைவுதான் கரண்டிக்குக் குழி எடுக்கும். வெட்டுகிற வாய் வளைவின் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். வலது கையில் பிடித்தால் வாய் நம்மைப் பார்த்து இருக்கும், நம் பக்கமாக இழுத்து வெட்டலாம். இடது கைக்கு மாற்றினேன். வாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், வளைவு தலைகீழாய்ப் போனது. எப்படிப் பிடித்தாலும் அது வலது கைக்காரனின் கத்தியாகவே இருந்தது. அத்தனை காலமும் என் கையில் இருந்த ஒன்றைப் பற்றி இந்தச் சின்ன விசயத்தை நான் யோசித்ததே இல்லை.

மனைவி வந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இடக்கைக்கு ஒண்டு செய்விப்பம்" என்றாள், பொத்தான் அறுந்தால் வேறு பொத்தான் வைப்போம் என்கிற மாதிரி.

காரைதீவில் எனக்குக் கத்தி அடித்துத் தருகிற கொல்லர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர், அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிடுவார். ஓட்டோவில் இருவரும் அவருடைய கம்மாலைக்குப் போனோம். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு உட்காரக் கதிரை போட்டார். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். நாக்கு இன்னும் தடித்திருந்த காலம், பாதிச் சொல் வழியிலேயே நின்றுவிடும். அவருக்குப் பிடிபடவில்லை.

"இடக்கைக்கு எண்டா எத மாத்திற காக்கா? வளைவையா, வாயையா? வளைவ மாத்தினா வாயும் மாறிப் போகுமே."

நான் கையால் காட்டினேன். காட்டத் தெரிந்த கை வலது கை, அது மடியில் கிடந்தது. இடது கையால் காட்டக் காட்ட எனக்கே குழம்பியது. கம்மாலைத் தூணில், அவர் முகம் வழிப்பதற்கு வைத்திருக்கும் கையகலக் கண்ணாடி ஒன்று தொங்கியது.

"அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தாங்க தம்பி" என்றாள் மனைவி. வாங்கி மேசையில் சாய்த்து வைத்தாள். பையிலிருந்த பழைய கத்தியை எடுத்து அதன் முன்னால் பிடித்தாள். "இந்தா, உள்ளுக்குத் தெரியுதே, அந்தக் கத்திதான் எங்களுக்கு வேணும்."

கொல்லர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். ஒரு கரித்துண்டை எடுத்து, கண்ணாடிக்குள் தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து, பலகையில் கோடு போட்டார். பழைய அரம் ஒன்றைக் காய்ச்சி அந்தக் கோட்டுக்கு வளைத்தார். அடுத்த கிழமை பிடியும் போட்டுத் தந்தார். வாயை மட்டும் அரைகுறையாக விட்டிருந்தார். "கூர நீங்களே வெச்சிக்கொள்ளுங்க. வெட்டுக்கத்தி எண்டா நான் வெச்சித் தருவன். இந்த வளைவுக்குள்ள எனக்கு வராது."

எனக்கு வரும் என்று நினைத்தேன். கத்தியை மேசையில் பூட்டிய வைஸில் இறுக்கிவிட்டால் ஒரு கையே போதும். நேரான கத்தியைக் கல்லில் தேய்க்கலாம். வளைகத்தி என்றால் கத்தி அசையாது நிற்கும், அசைவது கோல்தான். வளைவின் வெளிப்பக்கத்துக்குச் சான்ட் பேப்பர் ஒட்டிய தட்டைக் கோல், உட்பக்கத்துக்குச் சான்ட் பேப்பர் சுற்றிய உருண்டைக் கோல். வெளிப்பக்கத்துச் சரிவு முழுவதும் கோல் படிந்து போக வேண்டும். ஓரத்தில் சிறிது தூக்கினாலும் கூர் உருண்டு போகும். இடது கை நுனிக்குப் போகிறபோதெல்லாம் கோலைத் தூக்கியது. ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்துவிட்டு நுனியைத் தடவிப் பார்த்தேன். கத்தி விளிம்பாய் இல்லை, பென்சில் முனையைப் போல் உருண்டிருந்தது.

தையல் மெசின் சத்தம் நின்றது. மனைவி வந்து வாசற்படியில் நின்றாள்.

"தாங்க, நான் தேய்க்கிறன்."

"ஒனக்குத் தெரியா."

"தெரியாதெண்டபடியாத்தானே நிக்கிறன். செல்லுங்க, செய்றன்."

அவள் கோலை எடுத்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். அங்கேதான் புதிய கஷ்டம் வந்தது. கொஞ்சம் சாய் என்றேன். சாய்த்தாள். கூடிப்போச்சு என்றேன். நிமிர்த்தினாள். இப்பிடி இல்ல என்றேன். அவள் கோலைக் கீழே வைத்தாள்.

"இப்பிடி இல்லயெண்டா எப்பிடி? கொஞ்சம் கொஞ்சம் எண்டு செல்றீங்க. ஒவ்வொரு கொஞ்சமும் ஒவ்வொரு அளவா இரிக்கு."

"கையில தெரியும்."

"ஒங்கட கையில தெரியும். எண்ட கையில எப்பிடித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் வந்தது. அன்று அதோடு விட்டோம். சோறு போடும்போது கறி போதுமா என்று மட்டும் கேட்டாள். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. படுத்திருந்தும் அதையே யோசித்தேன். பட்டறையில் எனக்கு யாரும் வாயால் சொல்லித் தரவில்லை. பிழைத்துப் பிழைத்துக் கை பிடித்துக்கொண்டது. கை பிடித்துக்கொண்டதை நான் என்னுடைய அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை போனதும் பார்த்தால் வாயில் ஒரு சொல் இல்லை. பாரிசவாதம் என் நாக்கைத் தடிக்க வைத்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. நல்ல நாக்கோடு இருந்த காலத்திலும் அந்தச் சொற்கள் என்னிடம் இருக்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு பிடி துணித்துண்டுகளோடு வந்தாள். தைத்து மிஞ்சிய வெட்டுத்துண்டுகள். "இப்ப செல்லுங்க. கோல் படிஞ்சி இரிக்கக்குள்ள கத்தியிட முதுகுப் பக்கம் எவ்வளவு விலகி நிக்கோணும்? வொயில் துணிக் கனமா, டெனிம் கனமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். "டெனிம். ரெண்டா மடிச்ச டெனிம்."

"சரி. நுனியில?"

"நுனியில மடிக்காத டெனிம் போதும்."

அவள் தலையாட்டினாள். துணி அளவு அவள் விரலில் இருந்தது, மடித்துக் காட்டத் தேவையில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் என்ற சொல்லை விட்டுவிட்டோம். வொயில், கிரேப், டெனிம் என்றே கதைத்தோம். கத்தியைப் பற்றி எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாசை உண்டானது. பார்க்கப்போனால் அது அவளுடைய பாசைதான்.

அடுத்த கஷ்டம் அவள் கண். கோல் சரிவில் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டாலும் இரும்பின் மினுக்கத்தில் எல்லாம் ஒன்றாய்த் தெரிந்தது. எழுந்து போனாள். வரும்போது சுருமாச் சிமிழைக் கொண்டு வந்தாள். விரலில் தொட்டுச் சரிவு முழுக்க மை பூசினாள். மூன்று நான்கு தரம் கோலை இழுத்துவிட்டுப் பார்த்தாள். பட்ட இடத்தில் மை போய் இரும்பு வெளுத்திருந்தது. படாத இடம் கறுப்பாகவே நின்றது.

"பாருங்க, நுனியில படவேயில்ல. பிடிக்கிட்ட குதியிலயும் இல்ல. நடுவில மட்டும் தேஞ்சிரிக்கு."

இப்படியே மையைப் பூசுவதும் தேய்ப்பதுமாக இருந்தாள். கறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே கை போனது. அவள் உதட்டில் நபியின் மேல் சொல்லும் ஸலவாத்து ஓடிக்கொண்டிருக்கும். சான்ட் பேப்பரை முரட்டிலிருந்து மெல்லியதுக்கு மாற்றினோம். சத்தமும் மாறியது. முதலில் சரசரவென்று இருந்தது, போகப்போகத் துணியில் கத்தரிக்கோல் போகிற சத்தம் மாதிரி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவள் தூக்குகிறாளா படியவைக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். அது மட்டும் எனக்கு மிஞ்சியிருந்தது.

வெளிப்பக்கம் சரியாகத் தேய்ந்தால் இரும்பு விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மயிரிழை போல் ஒரு பிசிறாக மடியும். அது நுனியிலிருந்து குதி வரைக்கும் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். நான் பெருவிரலால் தடவிக் கண்டுபிடிப்பேன். அவள் விரலைக் கொண்டு போகவில்லை. மெல்லிய ஷிபோன் துண்டு ஒன்றை உள்வளைவில் வைத்து வெளியே இழுத்தாள். துணி இழை இழையாய் மாட்டியது.

"இஞ்ச மாட்டுது. இஞ்சயும் மாட்டுது. இந்த இடத்தில இல்ல." அந்த இடத்தை மறுபடி தேய்த்தாள்.

பிசிறு ஒழுங்காக வந்ததும் உருண்டைக் கோலால் உட்பக்கத்தை மெதுவாகத் தடவி அதை எடுத்தாள். வேலை முடிந்த சந்தோசத்தில் கத்தியை வைஸிலிருந்து கழற்றித் துணியால் துடைத்தாள். துடைக்கிறபோது முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத்தான் துணி போக வேண்டும். அவள் வாயின் நீளத்துக்கு இழுத்துவிட்டாள். துணி இரண்டானது. அவளுடைய சுட்டுவிரலும் பிளந்தது.

"அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு விரலைப் பார்த்தாள். இரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அழுத்திப் பிடிக்க வேண்டும், எனக்கு இருப்பது ஒரு கை. வேறு வழி தெரியவில்லை. மடியில் கிடந்த வலது கையின் உள்ளங்கையில் அவள் விரலை வைத்து, துணித்துண்டைப் போட்டு, மேலே இடது கையால் அழுத்தினேன். வலது கை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பலகை போல் கீழே இருந்தது. ஆனால் அது அங்கே இருந்ததால் அழுத்த முடிந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். நோய் வந்த பிறகு அவள் என்னைக் குளிப்பாட்டினாள், உடுப்புப் போட்டுவிட்டாள், சோறு பிசைந்து தந்தாள். நான் அவளுக்கு எதையும் செய்து கொடுத்த ஞாபகம் இல்லை. அவள் என் வலது கையைப் பார்த்துக்கொண்டே, "சூடா இரிக்கு" என்றாள்.

"என்னது?"

"ஒங்கட கை. செத்த கை எண்டு செல்லிக்கொண்டு திரியிறீங்க. நல்லாச் சூடா இரிக்கு."

நான் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன். காயம் ஆழமில்லை என்று மகள் வந்து பார்த்து மருந்து கட்டினாள். என்னையும் அவளையும் சேர்த்து ஏசிவிட்டுப் போனாள்.

விரல் ஆறும் வரைக்கும் கத்தி எண்ணெய்த் துணிக்குள் இருந்தது. பிறகு கடைசி வேலை. சான்ட் பேப்பர் விட்டுப்போன கோடுகளைத் தோலில் உரசி எடுத்தால்தான் கூர் வழுவழுப்பாக மரத்தில் ஓடும். அலுமாரியில் என் தோல் பெல்ட் ஒன்று கிடந்தது. ஒற்றைக் கையால் பூட்ட முடியாது என்பதால் காற்சட்டையை விட்டு முழுநேரமும் சாரன்தான் உடுத்துகிறேன். பெல்ட்டை வெட்டச் சொன்னேன். அவள் அதன் கொக்கியைக் கழற்றி எடுத்துவைத்தாள். பிறகு வெட்டினாள். ஒரு துண்டைத் தட்டைப் பலகையிலும் இன்னொன்றை விளக்குமாற்றுக் கம்பிலும் ஒட்டினோம். பித்தளை பொலிஷ் கொஞ்சம் பூசி, வாய்க்கு எதிராகப் போகாமல், முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகவே இழுத்தாள். இப்போது நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வேப்பங்கட்டை ஒன்றை வைஸில் இறுக்கி, புதிய கத்தியை இடது கையில் எடுத்தேன். முதல் இழுப்பில் நுனி மரத்தில் குத்திக்கொண்டு நின்றது. இரண்டாவது இழுப்பு மேலே வழுக்கிப் போனது. குறை கத்தியில் இல்லை. இழுக்கத் தெரியாத கை. கையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். மெல்லிய சுருள் ஒன்று எழும்பி வந்தது. வெட்டிய இடம் ஈரம் பட்டது போல் மினுங்கியது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் அவள். என்னைச் சொன்னாளா, தான் தீட்டிய கூரைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த முதல் கரண்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இப்போதும் அதில்தான் உப்பு எடுக்கிறாள். பிறகு வந்தவை கொஞ்சம் கொஞ்சமாக நேரானவை. முன்பு ஒரு நாளில் முடித்த வேலைக்கு இப்போது பல நாள் போகிறது. அறுகம்பேக் கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெட்டின கோடெல்லாம் மற்றப் பக்கமாப் போகுதே, வேற யாரும் செஞ்சதா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நான்தான் என்றேன்.

இடையில் அவள் பழைய கத்தியையும் துரு எடுத்துத் தீட்டத் தொடங்கினாள். சுருமா பூசிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இந்தக் கத்திய நீங்க நடுவில மட்டுந்தான் தீட்டியிரிக்கீங்க. நுனி கட்டையாப் போயிட்டு. குதியில ஒரு நாளும் கை வெச்சதில்ல." வாங்கிப் பார்த்தேன். நடு தேய்ந்து உள்வாங்கி, நுனியும் குதியும் பருத்து நின்றன. அவசரக்காரனின் தேய்மானம். எந்த இடம் சுலபமோ அங்கேயே என் கை ஓடியிருக்கிறது, அத்தனை வருடமும். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யாரோ போட்ட சட்டையைப் பிரித்துப் பார்த்து அந்த ஆளின் தோள் சரிவைச் சொல்வது போல் சொன்னாள்.

வளைவை அவள் ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். அது வலது கைக்காரரின் கத்தி, அவளும் வலது கைக்காரி. தீட்டிய கூரைப் பார்க்கிறேன் என்று ஒரு கட்டையில் இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். இப்போது தையல் குறைந்த நாட்களில் அவளும் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்விறாந்தைக்கு வந்துவிடுகிறாள். அவளுக்குக் குழி நன்றாக வருகிறது, பிடிதான் தடித்துப் போகிறது. சொன்னால் கேட்கமாட்டாள்.

போன கிழமை கெட்டியான ஒரு முதிரைக் கட்டையில் கணு இருந்ததைக் கவனியாமல் இழுத்துவிட்டேன். டக்கென்று சத்தம். கத்தியின் வாயில் அரிசியளவு ஒரு பொள்ளல். அவளிடம் காட்டினேன்.

"நீ மெல்லிசாத் தீட்டிப்போட்டாய். முதிரைக்கு இந்தக் கூர் தாங்கா."

"எண்ட கூரில பிழையில்ல. கணுவுக்குள்ள ஆரு கத்தியப் போடச் சென்ன?"

"கணு உள்ளுக்கு இரிந்த. வெளியில தெரியல்ல."

"அதுவரைக்கும் மாங்கட்டை எடுங்க. இத நான் மூணு மடிப்பு டெனிமுக்குத் தீட்டித் தாறன், அதுக்குப் பிறகு முதிரையில ஒங்கட வீரத்தக் காட்டுங்க."

கத்தியை வைஸில் இறுக்கிச் சுருமா பூசினாள். முரட்டுச் சான்ட் பேப்பரை எடுத்த நேரம் அஸருக்குப் பாங்கு சொன்னது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். "தொழுதிட்டு வாறன். அதுக்குள்ள அதத் தொட்டுராதீங்க."

நான் தொடவில்லை. ஒரு மாங்கட்டையை எடுத்து, இடது கையால் பென்சிலைப் பிடித்து, அடுத்த கரண்டிக்குக் கோடு போட ஆரம்பித்தேன்.